கோலிக்குண்டும் நூலகத் தாழ்வாரமும்

சென்னிமலை மேஸ்திரியின் சட்டைப் பையில் கடைசிவரை ஒரு கோலிக்குண்டு இருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதைத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். தண்ணீர் வடியக் கொத்தனார்கள் தரைக்குக் கொடுக்கிற சரிவுக்கு வாட்டம் என்று பெயர். அடுத்தவன் கொடுத்த வாட்டம் எப்படி என்று தெரியாமல் அவரால் உட்கார முடியாது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் கோலியை உருட்டினார் என்று கோவிந்தாபுரத்தில் ஒரு பேச்சு. அவர் அதை மறுத்ததில்லை. தரை நன்றாக இருந்தது, அதனால் கட்டிக்கொண்டேன் என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் பக்கத்துக் கல்லூரி ஒன்று பழைய கட்டிடத்தோடு சேர்த்து நூலகம் கட்டியது. வயல் தண்ணீர் ஏறாமலிருக்கப் புதுத் தளத்தை இரண்டரை அடி உயர்த்தியிருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் தாழ்வாரத்தின் கடைசியில் ஐந்து படிகள். வேலை சென்னிமலையிடம் வந்தது.

நாச்சம்மாள் அந்தக் கல்லூரியில் படித்துத் தேறியவள். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போய்விட்டன. சைக்கிள் கடையில் செய்த மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு வருவாள். மாடி வகுப்புக்கு அம்மா மருதாத்தாள்தான் மூன்று வருடமும் முதுகில் சுமந்தாள். நூலக உதவியாளர் வேலைக்கு நாச்சம்மாள் மனுப் போட்டபோது முதல்வர் ஒரே நிபந்தனை சொன்னார்: யாரும் தூக்காமல் அவளே தன் மேசைக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

பின்பக்கம் எங்கேயாவது ஒரு சரிவு போட்டுவிடும்படி சென்னிமலையிடம் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த சரிவு, கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கும் மாடுகள் கிணற்றோரம் இறங்கி ஏறுகிற சரிவுதான். அதே கணக்கில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டார். நாச்சம்மாள் பாதி ஏறினாள். வண்டி பின்னால் ஓடி மணல் குவியலில் முட்டி நின்றது.

"ஏனுங்க மேஸ்திரி, என்னையக் கவலையில பூட்டப் பாக்கறீங்களா?" என்றாள்.

சித்தாள்கள் சிரித்தார்கள். சென்னிமலை சிரிக்கவில்லை. தண்ணீர் இறங்குகிற கணக்கைத்தான் அவர் இத்தனை வருடம் பார்த்திருந்தார். ஒரு ஆள் கையால் ஏறுகிற கணக்கு என்ன? வண்டியைக் கேட்டு வாங்கி, தானே உட்கார்ந்து தள்ளிப் பார்த்தார். பலகைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக உருவி, ஒவ்வொரு முறையும் எங்கே வலிக்கிறது என்று நாச்சம்மாளைக் கேட்டார். தோள் என்றாள், பிறகு முழங்கை என்றாள். இரண்டாம் நாள் மத்தியானம், "வலிக்கலீங்க, மூச்சுத்தான் வாங்குது" என்றாள்.

அளந்தார். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டரை அடிக்கு முப்பது அடி வேண்டும். பின்பக்கம் பத்தடிகூட இல்லை. ஆனால் தாழ்வாரம் முப்பத்தைந்து அடி இருந்தது.

படிகளை விட்டுவிட்டுத் தாழ்வாரத் தரையையே சரித்துக் கட்டலாம் என்றார். மிச்சமுள்ள ஐந்தடி நடுவில் சமதளமாக இருக்கட்டும், மூச்சு வாங்க. ஜன்னல் வரிசையும் தரையும் ஒத்துப்போகாதே என்று இன்ஜினியர் தயங்கினார். சென்னிமலை பலகையில் கோலியை உருட்டி, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று காட்டினார். இன்ஜினியர் தானும் வாங்கி இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் படிகளை அடித்தார்.

திறப்புக்கு நான்கு நாள் முன்னால் நாச்சம்மாள் ஏறிப் பார்க்க வந்தாள். முதல்வர் உள்ளே நின்றிருந்தார். நடுவில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி, கதவுவரை வந்துவிட்டாள். அங்கே வண்டி நின்றது.

நிலையின் கீழ்ப்படி நான்கு விரல் உயரத்தில் குறுக்கே கிடந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்டு, நிலை வைத்த அன்று சென்னிமலையே பூசை செய்து வைத்தது. அதுவும் ஒரு படி என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

படியை அறுக்கச் சொன்னதும் தச்சர் கந்தப்பன் ரம்பத்தைத் தூரத் தள்ளி வைத்தார். "பூசை போட்ட படிய அறுத்தா எங் கை வெளங்காதுங்க."

ஒரு எட்டுத்தானே என்று மருதாத்தாள் மகளைத் தூக்கக் குனிந்தாள். நாச்சம்மாள் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "தூக்காதம்மா. முதல்வரு பாத்துக்கிட்டிருக்காரு."

சென்னிமலை குந்தி உட்கார்ந்து கோலியைத் தரையில் விட்டார். அது படியில் இடித்துத் திரும்பி வந்தது. விரல் வைத்துப் படியின் உயரத்தை அளந்தார்.

"படி அங்கியே கெடக்கட்டும் கந்தப்பா. தரைய அதும்பட ஒசரத்துக்குக் கொண்டாந்தர்றேன்."

நான்கு விரல் ஏற நாற்பத்தெட்டு விரல். படிக்கு உள்ளும் புறமும் அந்த நீளத்துக்குத் தரையைக் கொத்திவிட்டுச் சிமெண்டால் சரித்தார். கதவு இடித்தது. பூசை போடாத கதவின் அடியை அறுக்கக் கந்தப்பனுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

திறப்பு நாளில் படிக்குப் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். நாச்சம்மாள் அதன்மேல் ஏறி இறங்கிப் போனாள். சக்கரம் இழுத்த சிவப்புக் கோடுகள் அவள் மேசைவரை போய் நின்றன. எல்லோரும் அவளைப் பார்த்தபோது சென்னிமலை கோடுகளைப் பார்த்தார். எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இருந்தன. அன்றைக்கு அவர் கோலியை வெளியே எடுக்கவில்லை.