முப்பது ஜோடி செருப்பும் ஒரு குடையும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே எழுத வேண்டும் என்று ஒரு பயிற்சி வந்தபோது எனக்கு ஏக உற்சாகம். சொந்த அனுபவம், சொந்த வார்த்தை, பொய் கூடவே கூடாது என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, மாதிரிக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குப் போனேன், படியேறி மூச்சு வாங்கியது, உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது, இறங்கி வந்து பார்த்தால் செருப்பைக் காணோம்.

உண்மையில் நான் மலைக்கோட்டை ஏறிப் பல வருஷமாகிறது. செருப்பும் தொலைந்ததில்லை. ருசிக்காகச் சேர்த்தேன்.

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார்: "மிஸ், செருப்புதான் தொலையணுமா, குடைன்னா பரவாயில்லீங்களா?" அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்க இஷ்டம்ங்க என்று பதில் போட்டேன்.

மறுநாள் முப்பத்திரண்டு நோட்டுகள் வந்தன. முப்பத்தொரு பிள்ளைகள் அதே ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டை ஏறியிருந்தார்கள். முப்பது ஜோடி செருப்பும் ஒரு குடையும் களவு போயிருந்தன. போலீசில் புகார் கொடுக்காததுதான் பாக்கி.

மிச்சமிருந்த ஒரு நோட்டு கடைசி பெஞ்சுப் பெண்ணுடையது. "ஞாயித்துக்கிழமை அம்மா தூங்கினாங்க. நான் சத்தமே போடலை. கதவு தட்டுனவங்களை வாயில விரல் வச்சுக் காட்டி அனுப்பிட்டேன். அம்மா எந்திரிச்சு தோசை சுட்டுக் குடுத்தாங்க." நாலே வரி. நான் கேட்டது பத்து. சிவப்பு மையில் 'போதாது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அவளும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறிவிட்டாள். பத்து வரி. செருப்பும் தொலைந்திருந்தது. பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டிருந்தாள். நான் ஸ்டார் போட்டு, பெற்றோர் கூட்டத்துக்காகச் சுவரில் ஒட்டினேன்.

கூட்டத்துக்கு அவள் அம்மா சீருடையோடு வந்தார். தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து நேரே வந்திருந்தார். மகள் எழுதியதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"நாங்க போகவேயில்லையே மிஸ். போகணும்னு இவளுக்கு அவ்வளவு ஆசை போல. எனக்குத்தான் ஞாயித்துக்கிழமையானா கண்ணத் தொறக்க முடியலைங்க."

ஆசை அவளுடையது இல்லைங்க, என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம், பரிகாரமாக, என் நிஜமான ஞாயிற்றுக்கிழமையைப் பலகையில் எழுதினேன்: துணி துவைத்தேன், ரசம் வைத்தேன், மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். மறுநாள் முப்பத்தொரு பிள்ளைகளும் துணி துவைத்து, ரசம் வைத்து, அசந்து தூங்கியிருந்தார்கள்.

அவள் நோட்டைக் கடைசியில் எடுத்தேன். இதிலாவது அம்மா தூங்குவார், இவள் வாயில் விரல் வைத்திருப்பாள் என்று நம்பித் திறந்தேன். துணி, ரசம், தூக்கம். பத்து வரி, பிழையே இல்லை.

அவள் என் மேஜைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பப் போதுமா மிஸ்?" என்று கேட்டாள்.