மெஷினின் கண்ணில் சந்தனம்

அன்று ரேஷன் கடைக்குள் இருந்தவர்கள்: கடைக்காரர், எனக்கு அண்ணன் வயது. சாமான் எடை போடும் ஆள். மலைக்கார அம்மா ஒருத்தர், அறுபது இருக்கும். அவருடைய மருமகள். மருமகள் இடுப்பில் கைக்குழந்தை. அப்புறம் நான்.

மலைமேல் கரியாலூர் தாண்டி ஒரு ஊர். மார்கழி பிறந்திருந்தது. மணி பத்தாகியும் பனி விலகவில்லை.

நான் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் தூசு தட்டப் போய், பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றேன். பதினெட்டு வருடம் ஆகிறது.

இந்தப் பதினெட்டு வருடமும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன். "நாங்க ஒண்ணும் பண்ணலீங்க. அதுவா போச்சு." ஓடுகிற பெட்டியின் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டிருப்பார்கள். கேட்டால், அதுவா போச்சு. கீபோர்டில் டீ ஊறிக் கிடக்கும். அதுவா போச்சு. யூ.பி.எஸ்.ஸில் மிக்சியைச் செருகி மசாலா அரைத்திருப்பார்கள். அதுவா போச்சு. எந்தப் பொருளும் அதுவாகப் போகாது.

ஒரு முறை சின்னசேலத்தில் ஒரு மண்டியிலிருந்து கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் செத்துவிட்டதாம். வெயிலில் வண்டி ஓட்டிப் போனேன். சுவரில் சுவிட்ச் போடவில்லை. போட்டேன். "அட, இவ்ளோதானா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து போனில் யார் என்ன சொன்னாலும் பாதிதான் நம்புவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம் இந்த மலைக் கடைக்காரர் போன் செய்தார். கார்டில் பெயர் உள்ள ஒவ்வொரு ஆளும் கடைக்கு வந்து கைரேகை பதிய வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். பதியாத பெயர் கார்டிலிருந்து போகும். அந்த ஆளுக்குரிய அரிசியும் போகும். ரேகை மெஷின் கம்பெனி ஆள் மலை ஏற மாதம் ஆகும் என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள்.

"மெஷினு ரேகை எடுக்க மாட்டேங்குதுப்பா."

"யாருக்குமே எடுக்கலியா?"

"செல பேருக்கு எடுக்குது. படிக்கிற புள்ளைங்களுக்கு எடுக்குது. பெருசுங்களுக்குத்தான் எடுக்கல."

"மெஷின இன்னா பண்ணீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலப்பா."

அந்தப் பேச்சைக் கேட்டதுமே எனக்குக் கோபம். மலை ஏறி இறங்கினால் ஒரு நாள் போகும். மண்டி சுவிட்ச் ஞாபகம் வந்தது.

"புள்ளைங்களுக்கு எடுக்குதுன்னா மெஷினு நல்லா இருக்குது. பெருசுங்களுக்கு வெரல் தேஞ்சிருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போயிற்று. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரிண்டர் மாற்றப் போனவன், சும்மா கடைக்குள் தலையை நீட்டினேன். மருமகளின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"இது நாலாவது நட சார். விடிய இருட்டுல கெளம்பி எங்க அத்த நடந்துகினு வராங்க. ஒவ்வொரு தபாவும் போயிட்டு வா, போயிட்டு வான்னா எப்டி?"

"நான் இன்னாம்மா பண்றது? ஒங்க மாமியா வெரல்ல ரேகையே இல்ல. மெக்கானிக்கே சொல்லிட்டாரு. தோ, அவரே வந்துட்டாரு, கேட்டுக்கோ."

எடை போடும் ஆள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். "மரவள்ளி புடுங்குற கையி. ரேகையெல்லாம் கெழங்கு மேல ஒட்டிகினு சந்தைக்குப் போயிருக்கும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினார். இரண்டு கட்டை விரலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இன்னாக்கா இது?"

"தேச்சா ரேகை தெளியும்னாங்க தம்பி. கல்லுல தேச்சேன்."

கடைக்காரர் எழுந்துவிட்டார். "எலுமிச்சம்பழம் தேக்கச் சொன்னேன். கல்லுலயா தேக்கச் சொன்னேன்?"

"கல்லுதான சார் கைல கெடந்துச்சு. சனிக்கெழமையோட கெடு முடியுதுன்னீங்க. பேரு போச்சுன்னா நான் இவ சோத்துலதான் கை வெக்கணும்."

நான் மெஷினை வாங்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விரல் வைக்கிற கண்ணாடியைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த விளிம்பு. மூலையில் குங்குமம். கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பூச்சு. நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது.

"அண்ணா, இது இன்னாது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுப்பா. தராசுக்கு வெச்சோம், படிக்கு வெச்சோம், இதுக்கும் வெச்சோம்."

"கண்ணாடி மேலயா?"

"பின்ன? செவப்பா எரியுதே, அதானே அதுக்குக் கண்ணு. உசுரு அங்கதான இருக்குது."

"கண்ணுல எவனாவது சந்தனம் அப்புவானாண்ணா?"

"அதெல்லாம் மறுநாளே தொடச்சாச்சு." எடை போடும் ஆள் ஆணியில் தொங்கிய துணியைக் காட்டினார். பாமாயில் பாக்கெட் கசிந்தால் துடைக்கிற துணி. பிழிந்தால் வடை சுடலாம்.

"ஒண்ணும் பண்ணலன்னு போன்ல சொன்னீங்களே."

"பூஜதானப்பா பண்ணோம். அது பண்றதுல சேத்தியா?"

இளம் விரல்களில் ரேகை ஆழம். எண்ணெயைத் தாண்டியும் விழுந்திருக்கிறது. காட்டில் வேலை செய்த கைக்கு விழவில்லை. இரண்டு மாதமாக ஒரு துணி செய்த வேலைக்கு வந்தவர்களின் கையைக் குற்றம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாய் நிறைய வசவு வந்தது. மருமகள் முந்திக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அவரு தெரியாம சந்தனம் வெச்சாரு. தெரிஞ்ச ஆளு நீ. இன்னாத்தப் பாத்து வெரல் தேஞ்சிருக்குன்னு சொன்ன?"

"போன்லதான் கேட்டாங்க."

"போன்ல வெரல் தெரிஞ்சுதா?"

வைத்திருந்த வசவை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. பையைத் திறந்தேன்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவதும். ஐந்தாவது வெள்ளையாக வந்தது.

அந்த அம்மாவின் வலது கட்டை விரலை வைத்தேன். எடுக்கவில்லை. இடது கட்டை விரல். எடுக்கவில்லை. எடுக்காது. அவைதான் உண்மையிலேயே தேய்ந்துவிட்டனவே. ஒவ்வொரு விரலாக வைத்து வந்தோம். இடது கை மோதிர விரலில் மெஷின் ஒரு சத்தம் போட்டது. திரையில் அவர் பெயர் பதிந்தது.

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எங் கையி நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு."

எடை போடும் ஆள் மூட்டையைவிட்டு எழுந்து, ஆணியில் இருந்த துணியை எடுத்து வெளியே எறிந்தார்.

"ரேகை விழாதவங்க பேரு எழுதி வெச்சிருப்பீங்களே, அந்த நோட்டக் குடுங்க" என்றேன்.

"இன்னிக்கு வியாழக்கெழம. ரெண்டே நாளு. அவங்கல்லாம் டவரு கூட இல்லாத ஊருப்பா. யாரு போயிச் சொல்றது?" என்றார் கடைக்காரர்.

"எங்க பக்கத்து மூணு ஊரு நான் சொல்றேன்" என்றாள் மருமகள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "மீதிக்கு இவருகிட்ட வண்டி இருக்குதுல்ல."

நோட்டு வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து விரலை வைத்து எண்ணினேன். அந்த அம்மாவின் பெயரை அடித்தேன். மீதி நாற்பத்தொரு பேர்.