பதினைந்து அங்குலம் ஒன்று, பத்து அங்குலம் இரண்டு

சிங்கப்பூரின் காத்தோங்கில் ஒரு கல்யாண வரவேற்பு. மூன்றாவது பாட்டின் நடுவில் என் அண்ணனின் ஸ்பீக்கர் பெட்டி தகரத்தைக் கிழித்ததுபோல அலறியது. கருகிய காகித வாசனை முதல் வரிசை வரை வந்தது. அண்ணன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டியபடி, மீதிப் பாட்டு முழுவதும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. பகலில் தொழிற்சாலையில் ரேடியோக்களுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. வாரத்தில் மூன்று மாலை ரேடியோ பழுதுபார்க்கும் வகுப்பு. அந்த வகுப்பில் பாவாடை கட்டியவள் நான் ஒருத்திதான். தேக்காவில் ஒரு சீனரின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அண்ணன் கிளார்க். வார இறுதியில் மட்டும் நான்கு பேர் கொண்ட கிட்டார் குழுவில் பேஸ் வாசிப்பார்.

மறுநாள் காலை குழுவினர் எங்கள் கூடத்தில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஸ்பீக்கரை விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பத்து அங்குலம் இரண்டு. பெரியது அடித்தொண்டைச் சத்தத்துக்கு; சின்னவை விரல் கம்பியைத் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்க. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மூன்றின் கம்பிகளையும் ஒரே முடிச்சாக ஆம்ப்ளிஃபையரில் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணே, பெரிசு பதினாறு ஓம். சின்னது ஒவ்வொண்ணும் எட்டு. ஓம்னா தடை. அது கம்மியா இருந்தா கரண்டு ஜாஸ்தி இழுக்கும். பெரிசு சும்மா உக்காந்திருக்கு, சின்னதுங்கதான் அடி வாங்குது" என்றேன்.

டிரம் வாசிப்பவர் சிரித்தார். "ஃபேக்டரில ஈயம் வைக்கிறது வேற, இது வேற லா, தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, நீ எப்படிப் போடுவே?" என்று கேட்டார்.

வகுப்பு நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். சின்னவை இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் எட்டும் எட்டும் பதினாறு. அந்த ஜோடியைப் பெரிய பதினாறோடு பக்கம் பக்கமாகச் சேர்த்தால், ஆம்ப்ளிஃபையர் கேட்கிற அதே எட்டு வரும். சக்தியில் பாதி பெரியதற்கு. மீதிப் பாதியைச் சின்னவை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். டிரம்காரர் நோட்டை வாங்கி, வாய்க்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கருகிப்போன சின்னதற்குப் பதிலாக ஒன்று வேண்டும். அடுத்த சனிக்கிழமை அண்ணனும் நானும் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனோம். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய மீட்டர் என் பையில் இருந்தது. சீனத் தாத்தா ஒருவர் தரையில் விரித்த தார்ப்பாயில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. அண்ணன் புத்தம் புதிதாய் மின்னிய ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். மீட்டரை வைத்தேன், மூன்று ஓம்கூட இல்லை. பெரிய ரேடியோ எதிலிருந்தோ கழற்றியது. "அது வேணாண்ணே."

அடுத்ததன் காகிதக் கூம்பை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஊசி ஊசியாய் வெளிச்சம். மூன்றாவதன் நடுவை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தினேன். உள்ளே கரகரவென்று உரசியது. நான்காவது துருப்பிடித்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் அழுத்தினால் சத்தமின்றிப் போய் வந்தது. மீட்டர் ஆறரை காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அவ்வளவுதான் காட்டும். "இதான்" என்றேன். தாத்தா என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பண்டாய், கெட்டிக்காரி, என்று மலாயில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் கம்பி வேலை. பிளஸ் என்று காட்டும் சிவப்புப் புள்ளி இருந்த முனைகளை எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன். குழு முழுவதும் காத்திருந்தது. அண்ணன் கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினார்.

சத்தம் வந்தது. ஆனால் சோகை பிடித்த சத்தம். அடித்தொண்டையே இல்லை. டிரம்காரர் கூரையைப் பார்த்தார். என் காது சூடாகிவிட்டது. நோட்டைப் பார்த்தேன், கணக்கு சரி. ஒவ்வொரு பற்றையும் இழுத்துப் பார்த்தேன், உறுதி. அப்புறம்தான் அந்தப் புள்ளிகளையே ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது. மூன்றும் ஒரே கம்பெனி செய்தவை அல்லவே.

அம்மாவின் டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, ஸ்பீக்கர்களைத் தனித்தனியே கழற்றி, பேட்டரியின் பிளஸ் பக்கம் சிவப்புப் புள்ளியில் படும்படி முனைகளில் தொட்டுப் பார்த்தேன். சின்னவை இரண்டும் முன்னால் குதித்தன. பெரியது பின்னால் போனது. அதைச் செய்தவர்கள் புள்ளியை மறுபக்கம் வைத்திருக்கிறார்கள்! சின்னவை காற்றைத் தள்ளும்போது பெரியது இழுத்திருக்கிறது. ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. பெரியதன் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.

"இப்ப தட்டுங்க."

அண்ணன் தட்டினார். பலகைத் தரை வழியாக அந்தச் சத்தம் என் உள்ளங்காலுக்கு வந்து, முழங்கால் வரை ஏறியது. அதே சமயம் விரல் கம்பியை விட்ட இடம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அண்ணன் நிறுத்தாமல் வாசித்தார். கீழ்க்கடை சீனர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து, அலமாரியில் மீன் டின்கள் நடக்கின்றன என்று கத்தினார். அன்று அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே லா" என்றார் டிரம்காரர்.

"வச்சிருக்கேன். அதான் ஒழுங்கா செஞ்சேன்" என்றேன்.

பொங்கலை ஒட்டி கேலாங்கில் ஒரு சமூக நிலையத்தில் நிகழ்ச்சி. நானும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் பாட்டிலேயே நாற்காலிகளின் இரும்புக் கால்கள் அதிர்ந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நீ செஞ்சதா?" என்று கேட்டாள். ஆறு பாட்டும் பெட்டி அசராமல் பாடியது. இடைவேளையில் அடுத்து வாசிக்கவிருந்த மலாய்க் குழுவின் பேஸ்காரர் பெட்டியைச் சுற்றி வந்து, யார் செய்தது என்று விசாரித்தார். அண்ணன் மேடையிலிருந்தே என்னைக் கை காட்டினார். அந்த மலாய்க்காரர் நேராக என்னிடம் வந்து, தன் பெட்டியையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

அப்பாவுக்கு அன்று வேலை, வரவில்லை. மறுநாள் காலை ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டே, "ஓம் ஓம்னு உங்கண்ணன் சொல்றான். அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். அடுத்த வாரம் துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் பேசாத ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "ஓம் தெரிஞ்ச பொண்ணு வீடு இதானே?" என்று கேட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறு பேஸ் பெட்டிகள் செய்தேன். ஒன்றின் ஸ்பீக்கர்கூடக் கருகவில்லை. ஒவ்வொன்றிலும் பின்பலகையின் உட்பக்கம் கம்பிப் படத்தைப் பென்சிலால் வரைந்து, கீழே தமிழில் என் பெயரை எழுதி, அதன்பின்தான் திருகு போடுவேன்.