சவரி எனக்காகத் தூங்கிய பகல்

அன்று பகலில் வீட்டில் இருந்தது நான், என் மனைவி செல்வி, என் லாரியின் கிளீனர் சவரிமுத்து. வேறு யாரும் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள்.

ஊருக்குள் செல்போன் வந்த புதிது. அரியலூரில் சிமெண்ட் ஆலைக்கு இரவெல்லாம் சுண்ணாம்புக்கல் ஓட்டுவேன், பகலில் தூங்குவேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று செல்வி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விடியலில் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகி, லாரி வாய்க்காலில் இறங்கியது. தூக்கத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் இனி வண்டி என்றார் முதலாளி.

திருச்சி டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். மார்பில் பட்டை, விரலில் கிளிப், மணிக்கட்டில் சின்னப் பெட்டி. மாட்டிக்கொண்டு தூங்கினால் மூச்சைக் குறித்துக்கொள்ளுமாம். நான் அதைச் சவரிக்குக் கட்டினேன். குழந்தை மாதிரி தூங்குவான்.

"வண்டி கழுவுனேன், டயர் மாத்துனேன். இப்ப ஒங்களுக்காகத் தூங்கவும் சொல்றீங்களேண்ணே."

"பேசாம படுடா."

"அண்ணி, எந்திரிச்சா சோறு உண்டா?"

"முட்டையே உண்டு, தூங்கு" என்றாள் செல்வி.

பத்து மணிக்குப் படுத்தவன் மூன்றுக்கு எழுந்தான். நான் கண் மூடாமல் பக்கத்திலேயே இருந்தேன். அவன் மூச்சு ஒரு தரம்கூட நிற்கவில்லை. கருவியைக் கழற்றினோம், நிறுத்தத் தெரியவில்லை, அப்படியே மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். சவரி சாப்பிட்டுவிட்டுப் போனான். மூன்றரைக்கு நான் வெறுந்தரையில் சாய்ந்தேன். ஐந்துக்கு எழுந்தேன்.

மறுநாள் திருச்சியில் டாக்டர், கருவி குறித்ததை அச்செடுத்த தாளைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மூணரைக்கு மேலதான் மூச்சு நிக்குது, அஞ்சு வரைக்கும். நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

அப்போது அது பையில் கிடந்தது என்று எப்படிச் சொல்வது? திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். தலையாட்டினேன். வண்டி போயிற்று. ஆலையில் மூட்டை தைக்கப் போனேன்.

சவரி இப்போது சொந்த லாரி வைத்திருக்கிறான். பார்த்தால், "தூங்கணுமாண்ணே?" என்பான். சிரிப்போம். என் பழைய வண்டிச் சத்தமும், இரவு ஓட்டத்தில் லாரிக் கதவைத் தட்டித் தட்டி அவன் பாடியதும் இன்னும் காதில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. திருச்சியிலிருந்து திரும்பிய பஸ்ஸில், தாளைப் பார்க்காமலே செல்வி சொன்னாள்.

"நேத்து நீங்க தூங்குறப்ப, மூச்சு நின்னதை வெரல் விட்டு எண்ணுனேங்க."

அவள் சொன்ன எண்ணிக்கையும் தாளில் இருந்ததும் ஒன்று.

பத்தொன்பது.