திட்டுக்குக் காத்திருந்தவர்

பெர்ன்ஹில்லில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த அவர், கம்பளிக் குல்லாவின் மேலேயே ஹெட்போன் மாட்டியிருப்பார். கடைவாசல் நாயிடம்கூட "தள்ளிப் படுங்க" என்பார். ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் அவரோடு சேர்ந்து ஆடும் ரஷ்யர், இவர் குறி தவறும்போதெல்லாம் "சூக்கா பிளியாத்" என்று கத்துவார். இவரும் அதே கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்லிக் குலுங்கிச் சிரிப்பார். இருவருக்கும் பொதுவான பாஷை அவ்வளவுதான்.

ஒரு மாதமாக ரஷ்யரைக் காணவில்லை.

"வேற ஆளோட ஆடலாமே," என்றேன்.

"ஆடறனுங்க. ஆனா யாரும் திட்டறதில்லீங்க."

ஒரு மழை மதியம், நான் கடையில் நிற்கும்போதே ஹெட்போனைத் தாண்டி அந்த வசவு கேட்டது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்காருங்க."

அடுத்த குண்டும் குறி தவறியது. வேண்டுமென்றேதான் தவறவிட்டாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.