குதிகாலைத் தோளில் தாங்கியவள்

என் அம்மாவைச் சாகடிக்கப் பார்த்தவர்கள் ஆமிக்காரர்கள் இல்லை. எங்களோடு பஸ்ஸில் வந்த நம்மவர்கள்தான். மானம், மரியாதை என்று சொல்லியே கொல்லப் பார்த்தார்கள்.

சண்டைக் காலம். கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நானும் அம்மாவும் வந்துகொண்டிருந்தோம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். மத்தியான வெயில். அசையக்கூடாது. நின்ற நிலையிலேயே அம்மா வெளுத்துச் சரிந்தார்.

விழ விட்டார்களா? இல்லை. நாலு பேர் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்தார்கள். தலை தொங்கியது. கை வெட்டி வெட்டி இழுத்தது. "வலிப்பு! இரும்பைக் குடுங்கோ!" என்று ஒருவர் தன் திறப்புக் கோர்வையை, வீட்டுச் சாவிகளை, அம்மாவின் கையில் திணித்தார்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி ஓடி வந்தாள். என்னைவிட இளையவள்.

"விடுங்கோ! கீழ படுக்க வையுங்கோ. ரத்தமெல்லாம் காலில நிக்குது, தலைக்குப் போகேல்லை."

"ஆமிக்கு முன்னால பொம்பிளையை ரோட்டில கிடத்திறதோ?" என்றார் திறப்புக்காரர்.

"அப்ப நிண்டபடியே சாகட்டுமோ, ஐயா?"

அவளே அம்மாவை இழுத்துக் கிடத்தி, சேலையைக் காலோடு இறுக்கிச் சுற்றி, இரண்டு குதிகாலையும் தன் தோளில் வைத்துக்கொண்டு வீதியில் குந்தினாள். ஆமிக்காரன் ஒருவன் வரிசைக்குப் போகச் சொல்லிக் கத்தினான். "பொட்டக் இன்ட" என்று சிங்களத்தில் அவனையே பொறுக்கச் சொன்னாள்.

அம்மாவின் உதட்டில் நிறம் வந்தது. கண் திறந்ததும், "ஆரடி என்ர காலைப் பிடிச்சது?" என்று அதட்டினார்.

"பிடிச்சபடியால்தான் கேக்கிறியள், அம்மா" என்று சிரித்தாள்.

பிறகு எங்கள் டொக்டர் விளங்கப்படுத்தினார். காலுக்கு இறங்கும் இரத்தத்தைக் கெண்டைக்கால் தசைதான் பிழிந்து இதயத்துக்கு ஏற்றுகிறதாம். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். மூளைக்குப் பற்றாக்குறை வந்ததும் உடம்பு விழுகிறது. விழுந்தால் தலையும் இதயமும் ஒரே மட்டம். அது உடம்பு தானே செய்யும் வைத்தியம். அதைத்தான் நாலு பேரும் பிடித்து நிறுத்தினார்கள்.

அன்று சாவடியில், முன்னால் வந்ததால் ஆமிக்காரன் அவளுடைய அட்டையைத்தான் முதலில் கேட்டான். யாழ்ப்பாண விலாசம். வடக்கிலிருந்து வருபவர்கள் கொழும்பில் செய்தாக வேண்டிய பொலிஸ் பதிவு இல்லை. கடைசி ஆட்களைச் சில நேரம் பார்க்காமலே விடுவார்கள் என்றுதான் அங்கே நின்றிருக்கிறாள். அவளை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எங்களை ஏறச் சொன்னார்கள்.

"நீங்க அம்மாவோட போங்கோ, அக்கா. நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்றாள்.

வெள்ளவத்தையில் இறங்கிய அம்மா வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். "அந்தப் பிள்ளை வரட்டும்." பஸ்கள் வந்தன. அவள் வரவில்லை. மறுநாள் சாவடியில் கேட்டோம். எங்களைத் துரத்திவிட்டார்கள்.

அம்மா இன்னும் இருக்கிறார். என்னைத் திட்டாத நாளில்லை. ஒவ்வொரு திட்டும் அவள் தந்தது என்றுதான் வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சி, உன்னை விட்டார்களா? இது வெளிவரும் இதே பக்கத்தில், எல்லோரும் வாசிக்க, எழுது. உன்னால் எழுத முடியாவிட்டால், அன்று உன்னை நிறுத்தி வைத்தவர்கள் எழுதட்டும்.