மாட்ரிடில் வைத்த மேசை

எங்கள் ஊர் கோச்சபம்பா சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பசிலியா கடல் தாண்டி மாட்ரிட் போய்த் திரும்பியதும், அவள் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் வெங்காயம் விற்கும் எனக்கு அன்று வியாபாரமே இல்லை.

"ஊர் எப்படிக்கா?"

"பூமிக்கு அடியில ரயில் போகுது. அத்தனை பேர் நெருக்கிட்டு நிக்கிறான், ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்கல. கிழங்கைத் துடைச்சு பிளாஸ்டிக்ல கட்டி விக்கிறான். கொசுறு கேட்டேன், பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தா அந்தப் பொண்ணு. ஒரு ஈ கூடக் கிடையாது."

"ஈ கூட இல்லையா! கொடுத்து வச்சவக்கா நீ!" என்று பெருமூச்சு விட்டார்கள், மூளை கெட்டவர்கள். அவள் ஊர் சுற்றப் போகவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் கசியானோ செத்து மூன்றாவது வருஷம். எங்கள் ஊரில் செத்தவர் நவம்பர் முதல் தேதி நண்பகலில் வீடு தேடி வருவார். பிடித்ததையெல்லாம் மேசையில் படைத்து மூன்று வருஷம் வரவேற்க வேண்டும். மூன்றாவதோடு சரி. மாட்ரிடில் ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்யும் மகள் நெய்சா சாவுக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. கடைசித் தடவையாவது அப்பா எதிரில் மகள் நிற்கட்டும் என்று மேசையையே அங்கே வைக்கப் போனாள் பசிலியா.

"மனுஷன் வழி தெரியாம நின்னுட்டார்னா?" என்று கேட்டேன்.

"நமக்குத்தாண்டி விசா. அவருக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். செத்தவருக்கென்று மனித முகம் வைத்துச் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு விமானம் ஏறினாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

மகளின் வாடகை அறையில் நிலக்கடலை சூப், மக்காச்சோளக் கள், ரொட்டி எல்லாம் தயார். அன்று அங்கேயும் கல்லறைக்குப் போகும் நாள்தான். கிழவிக்குத் தன் புருஷன் கல்லறையில் பூ வைக்க வேண்டுமாம், சக்கர நாற்காலியைத் தள்ள நெய்சா வேண்டுமாம். "பன்னெண்டுக்குள்ள வந்துடுறேம்மா" என்று போனவள் இருட்டிய பிறகு வந்தாள். ஊரான் புருஷனுக்குப் பூ வைத்தால் பெற்ற தகப்பனுக்குத் தானே போய்ச் சேருமா?

மேசைமேல் வந்து உட்காரும் ஈதான் எங்களுக்குச் செத்தவர். அன்றைக்கு யாரும் ஈயை விரட்ட மாட்டோம். பசிலியா ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். குளிருகிறதென்று பக்கத்து அறைக்காரி வந்து மூடினாள். இவள் மறுபடி திறந்தாள். சூப் ஆறி ஏடு கட்டியது. ஒன்றும் வரவில்லை.

நெய்சா கையில் கொஞ்சம் சாமந்தியோடு வந்தாள். "அந்தம்மா வாங்கினதுல மிச்சம்மா. அப்பாவுக்கு வைக்கட்டுமா?"

பசிலியா ஜன்னலைச் சாத்தினாள்.

"அப்பா வந்தாராம்மா?"

"வந்தாரு. ரொம்ப நேரம் உன்னையே தேடினாரு. அப்புறம் போயிட்டாரு."

"அடிப்பாவி, ஏண்டி பொய் சொன்னே? அந்தப் பொண்ணு காலம் பூரா அழுமே!" என்றேன்.

"அழட்டும்" என்றாள் பசிலியா. "அவர் இங்க நம்ம ஊர் வீட்டுக்கு வந்து, பூட்டின கதவைத் தட்டிட்டுப் போயிருப்பாரேன்னு நான் மட்டுமே அழணுமா?"